இரண்டு வயதுக்கு மண்டபம் வேண்டாம், அட்டைப்பெட்டி போதும்



போன ஞாயிற்றுக்கிழமை என் பேரனுக்கு இரண்டு வயது முடிந்தது. மகள் ஸ்டேட்டஸில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நிறைய பேர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தீர்கள். "டீச்சர், ரயில் தீம் சூப்பர். எந்த ஹால்? எந்த டெக்கரேட்டர்? எவ்வளவு ஆச்சு?" என்று.

ஹால் கிடையாது, எங்கள் வீட்டு முன்னறைதான். டெக்கரேட்டர் நானும் என் மருமகனும். செலவு 3,960 ரூபாய். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் அடிக்க விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். மணி அடித்த பிறகும் பாடத்தை முடிக்காமல் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியாததா?

முதலில் ஒரு கசப்பான விஷயம். என் பழைய மாணவி ஒருத்தி. கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், யார், எந்தத் தெரு என்று யாரும் துருவ வேண்டாம். 2023 நவம்பரில் அவள் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். புருஷன் கடல் தொழில். மண்டபம், பலூன் வளைவு, மூன்றடுக்குக் கேக், பிரியாணி என்று எல்லாம் வைத்தார்கள். கையில் இருந்தது போதவில்லை. 60,000 ரூபாய் தண்டல் எடுத்தார்கள்.

தண்டல் கணக்கு நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதல்ல. 60,000 என்று எழுதிக்கொண்டு, 9,000 பிடித்துக்கொண்டு, 51,000 கையில் கொடுப்பார்கள். தினம் 600 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "100 நாளுக்கு 9,000தானே டீச்சர், பெரிய வட்டி இல்லையே" என்றாள். உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 51,000 ரூபாயும் நூறு நாளும் உன்னிடம் இருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறாய். சராசரியாகப் பார்த்தால் உன் கையில் இருந்தது அதில் பாதி, 25,500தான். அதற்கு நூறு நாளில் 9,000 வட்டி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் நூற்றுக்குச் சுமார் 129. வங்கியில் நகைக்கடனுக்குக் கேட்கிற வட்டி இதைவிட மிகவும் குறைவு.

அந்த டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் முழுக்கக் கறுப்பாகப் படிந்தது. படகு, வலை எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. பல நாள் தொழிலுக்கே போக முடியவில்லை. ஆனால் தண்டல்காரருக்குப் புயலும் தெரியாது, எண்ணெயும் தெரியாது. இந்தத் தண்டலை அடைக்க இன்னொரு தண்டல். அதை அடைக்கக் கம்மல் அடகு. பிறந்தநாள் ஒரு சாயங்காலம் நடந்தது. கடன் அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நடந்தது.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் ஆடம்பரக்காரி இல்லை. "எல்லாரும் வெக்கறாங்க டீச்சர். நாங்க வெக்கலைன்னா என்ன நெனப்பாங்க?" என்றாள். அந்த 'எல்லாரும்' யார் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது என் வீட்டுக் கதை. மூன்று மாதத்துக்கு முன்பே என் மகள் ஒரு தாளில் கணக்கு எழுதிக்கொண்டு வந்தாள். மினி ஹால் 15,000. காட்டு விலங்கு தீமில் அலங்காரம் 14,000. அறுபது பேருக்குச் சாப்பாடு, தலைக்கு 180 வீதம் 10,800. மூன்று கிலோ கேக் 3,000. போட்டோ 8,000. ஆக 50,800.

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "ரெண்டு வயசுக் குழந்தைக்கு என்ன தெரியும்? இதெல்லாம் வீண்." அதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "உனக்கு எல்லாமே வீண்தாம்மா. எனக்கு ஒரு பிறந்தநாளாவது நீ வெச்சியா? ஊர்ப் பிள்ளைங்க பிறந்தநாள் எல்லாம் உனக்கு ஞாபகம் இருந்துச்சு. என்னோடது மட்டும் ஸ்கூல் திறக்கற வேலையில மறந்துபோச்சு."

வாயடைத்துப் போனேன். உண்மைதான். அவள் பிறந்தது ஜூன் முதல் வாரம். புது சேர்க்கை, வருகைப் பதிவேடு, புத்தகம் வழங்குவது என்று அந்த நாட்களில் எனக்கு வீடு என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டது. அவள் கேட்ட 50,800 ரூபாயில் பாதி, தன் மகனுக்காக இல்லை. தனக்குக் கிடைக்காததற்காக.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. யோசித்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. 'பிறந்தநாளே வேண்டாம்' என்பதும் தப்பு. 'கடன் வாங்கியாவது' என்பதும் தப்பு. குழந்தைக்கு ஒரு நாள், இன்றைக்கு நீதான் முக்கியம் என்று காட்ட வேண்டும். அதைக் காட்டப் பணம் அவ்வளவு வேண்டியதில்லை.

இது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த விஷயம்தான். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பிறந்தநாள் அன்று கலர் டிரெஸ் போட்டு, மிட்டாய் டப்பாவோடு வருகிற பிள்ளைகள் சிலர். புதுத்துணி இல்லையென்று அன்றைக்குப் பள்ளிக்கே வராமல் போகிற பிள்ளைகள் சிலர். வருகைப் பதிவேட்டையும் சேர்க்கைப் பதிவேட்டையும் ஒருநாள் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அதைக் கண்டுபிடித்தேன். அதன்பிறகுதான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். பிறந்தநாள் யாருக்கோ அவர்தான் அன்று சாயங்காலம் மணி அடிக்க வேண்டும். நம் பள்ளி மணி என்ன? கயிற்றில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு, ஓர் இரும்புக் கம்பி. அதை அடிக்க நீங்கள் போட்ட போட்டி! பிறந்தநாளுக்கு லீவு போடுவது அதோடு நின்றது. செலவு காலணா இல்லை.

மறுநாள் காலையில் மகளிடம் சொன்னேன். "பிறந்தநாள் வெச்சே ஆகணும். தீமும் வேணும். ஆனா வீட்ல. பொறுப்பு என்னோடது. உனக்குப் பிடிக்கலைன்னா அடுத்த வருஷம் ஹாலுக்கு நானே பணம் தர்றேன்." ஒத்துக்கொண்டாள், கொஞ்சம் சந்தேகத்தோடுதான்.

தீம் எது? இங்கேதான் பலர் சறுக்குகிறோம். கடைக்காரர் ஆல்பத்தில் இருக்கிற தீமைத் தேர்ந்தெடுக்கிறோம். இரண்டு வயதுக் குழந்தைக்கு எது தெரியுமோ அதுதான் தீம். என் பேரன் பிறந்ததிலிருந்து மாடியில் நின்று பார்ப்பது ரயில். கும்மிடிப்பூண்டி லோக்கல், நீளமாகப் போகும் கூட்ஸ் வண்டி, 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மேலே ஓடுகிற மெட்ரோ. 'அம்மா'வுக்கு அடுத்து அவன் சொன்ன வார்த்தை 'கூ'. சிங்கத்தை அவன் எங்கே கண்டான்? காசிமேட்டுப் பிள்ளைக்குப் படகும் மீனும் தீம். லாரி ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு கன்டெய்னர் லாரி தீம். குழந்தை தினம் பார்த்துக் கைநீட்டுகிற பொருள் எதுவோ, அதை எடுங்கள்.

ரயிலுக்கு நம் ஊரைவிடப் பொருத்தமான ஊரும் இல்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் நம் ராயபுரம். 1856 ஜூன் 28-ல் திறந்தார்கள். ஜூலை 1-ல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் நூறு கிலோமீட்டர், முதல் பயணிகள் ரயில் போனது. அப்போது சென்ட்ரலும் இல்லை, எழும்பூரும் இல்லை. பெரிய பெரிய தூண்களோடு அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. உங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே போங்கள்.

செய்த விதம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

மளிகைக்கடையில் சொல்லிவைத்து ஐந்து பெரிய அட்டைப்பெட்டி வாங்கினோம். இலவசம். மேல்மூடியை வெட்டிவிட்டு, வண்ணம் அடித்து, சார்ட் அட்டையில் வட்டம் வெட்டிச் சக்கரம் ஒட்டினோம். முன்பெட்டிதான் எஞ்சின். ஸ்டேப்ளர் பின் எங்கேயும் அடிக்கவில்லை. சின்னப் பிள்ளை கையில் குத்தும், வாயில் போகும். பசையும் டேப்பும் மட்டும். மஞ்சள் சார்ட்டில் கறுப்பு எழுத்தில் ஸ்டேஷன் பெயர்ப் பலகைகள், நிஜப் பலகை மாதிரியே மூன்று மொழியிலும். தோரணத்துக்கு என் பழைய வாயில் புடவைகளைக் கிழித்துக்கொண்டோம். ஆசிரியர் பயிற்சியில் 'செலவில்லாத துணைக்கருவி' செய்யச் சொல்லிக் கொடுத்தது வீண்போகவில்லை.

அழைப்பிதழ் ஒரு ரயில் டிக்கெட். பழைய அட்டை டிக்கெட் அளவில் வெட்டி, 'ராயபுரம் முதல் கும்மிடிப்பூண்டி வரை, நேரம் 4.30 முதல் 6.00' என்று கையால் எழுதினேன். வாசலில் மருமகன் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டு உள்ளே அனுப்பினார். அந்த ஓட்டைக்காகவே பிள்ளைகள் இரண்டு தரம் வெளியே போய் வந்தார்கள்.

வீட்டுக்குள் ஒவ்வொரு மூலையும் ஒரு ஸ்டேஷன். வாசல் ராயபுரம். ஷோபா ஓரம் கொருக்குப்பேட்டை: அங்கே கூட்ஸ் ஏற்ற வேண்டும், காலி டப்பாக்களைப் பெட்டியில் போடுவதும் எடுப்பதும். அடுத்தது திருவொற்றியூர்: பெயரிலேயே ஒற்று இருக்கிறதே, அதனால் வெண்டைக்காயையும் உருளைக்கிழங்கையும் வெட்டி, வண்ணத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றியெடுக்கும் வேலை. பிறகு எண்ணூர்: நீலப் புடவையைத் தரையில் விரித்துக் காகித மீன்கள், எடுத்து எண்ண வேண்டும். (ஊர்ப் பெயருக்கு அதுதான் காரணம் என்று யாரும் பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். இது வாத்தியார் குறும்பு.) தொட்டியில் நிஜத் தண்ணீர் வைக்கலாம் என்றார்கள். நான் விடவில்லை. கூட்டத்தில் ஒரு நிமிஷம் கண் தவறினால் போதும். கடைசி ஸ்டேஷன் கும்மிடிப்பூண்டி, சமையலறை வாசல், சாப்பாடு.

போட்டி எதுவும் வைக்கவில்லை. இரண்டு வயதில் குழந்தைகள் சேர்ந்து விளையாட மாட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அதுதான் அந்த வயதின் வளர்ச்சி. அவர்களை வரிசையில் நிறுத்தி மியூசிக்கல் சேர் ஓட்டினால், அழுகை ஒன்றுதான் மிச்சம். நம்மூர் மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது பாயை விரித்துப் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து அவரவர் வேகத்தில் விட்டோமே, அதே முறைதான் இதுவும்.

நேரம் முக்கியம். குழந்தை மதியம் தூங்கி எழுந்த பிறகு வையுங்கள், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மண்டபத்தில் ராத்திரி எட்டு மணிக்குக் கேக் வெட்டும்போது வீல் என்று அழாத குழந்தையை நான் பார்த்ததில்லை. கூப்பிடுவதும் குறைவாக இருக்கட்டும். நாலைந்து குழந்தைகள் போதும் என்று ஆரம்பித்தோம். ஒன்பதுக்குக் கீழே இறக்க முடியவில்லை. பெரியவர்களோடு சேர்த்து இருபத்தைந்து பேர்.

இனி நான் கண்டிப்பாகச் சொல்வது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பலூன் வேண்டாம். ஊதாத பலூனும், வெடித்த பலூன் துண்டும் சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே மூடிவிடும். வாயில் போட்டு உறிஞ்சுவது அந்த வயதின் பழக்கம். கேஸ் பலூன் வேண்டவே வேண்டாம். ஹைட்ரஜன் அடைத்தது என்றால் நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும். நுரை ஸ்பிரேயும் அப்படித்தான். மெழுகுவத்தி எரியும்போது முகத்துக்கு நேரே அடிக்கிறார்கள். எரியக்கூடியது என்று அந்த டப்பாவிலேயே எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. மின்னுகிற பொம்மைகளில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

சாப்பாட்டில் வேர்க்கடலை, பாப்கார்ன், முழுத் திராட்சை, கடினமான மிட்டாய் சின்னதுகளுக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குச் சுண்டல், பிள்ளைகளுக்கு அதையே மசித்து. மினி இட்லி, சாம்பார், கேசரி, வாழைப்பழம், மோர். கேக் அரைக் கிலோ மட்டும், தெருமுனை பேக்கரியில். இரண்டு வயது நிறையும் முன் இனிப்பு அதிகமுள்ள உணவு கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அதனால் முதல் பிறந்தநாள் வைக்கிறவர்கள், கேக்கை உறவுக்கு வெட்டுங்கள். குழந்தைக்கு மசித்த பழம் போதும்.

தட்டு, பாக்கு மட்டை. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, கப், தெர்மாகோல் தட்டு எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. தண்ணீருக்கு வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள். மழைக்காலத்தில் நம் தெருக் கால்வாய் எதனால் அடைக்கிறது என்று முழங்கால் தண்ணீரில் நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் பேனரும் வைக்காதீர்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் வந்த பெண்பிள்ளை லாரியில் சிக்கி உயிர்விட்டதை மறக்கக் கூடாது.

ரிட்டர்ன் கிஃப்ட் ஒரு மஞ்சப்பை, அதில் ஒரு தமிழ்க் கதைப் புத்தகம், தடிமனான கிரேயான் ஒரு பெட்டி. புத்தகத்துக்குப் பணம் இல்லையென்றாலும் வழி இருக்கிறது. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரின்ட் எடுத்து நூலால் தைத்துவிடலாம்.

கணக்கு: சார்ட் அட்டை 120. வண்ணம், பசை, டேப் 230. கேக் 400. சமையல் சாமான் 1,450. பாலும் பழமும் 350. பாக்கு மட்டைத் தட்டு 150. மஞ்சப்பை ஒன்பது 180. புத்தகம் ஒன்பது 360. கிரேயான் ஒன்பது 270. பேரனுக்குத் துணி, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், 450. கூட்டிப் பாருங்கள். 3,960 வரவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஹீரோ 4.30-க்கு எழவில்லை. ஐந்து மணிக்குத்தான் எழுந்தார். எல்லோரும் சேர்ந்து பாட்டுப் பாடியதும் பயந்து அழுதார். மெழுகுவத்தியை ஊதாமலே அணைத்துவிட்டோம். 'கொருக்குப்பேட்டை'யை ஒரு வாண்டு கிழித்துவிட்டது. நான் பெருமையாகச் செய்த பெயர்ப் பலகைகளைப் பேரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தவன் நாற்பது நிமிஷம் இறங்கவில்லை. கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு கரண்டி. அடித்துக்கொண்டே இருந்தான். "ஆயா, கூ! ஆயா, கூ!" நம் பள்ளி மணி ஞாபகம் வந்தது எனக்கு.

நீங்கள் பார்த்த படம் அந்த நிமிஷத்தில் எடுத்தது. ஜன்னல் வெளிச்சத்தில், மருமகனின் போனில். 8,000 ரூபாய் போட்டோகிராபர் இல்லை.

எல்லோரும் போன பிறகு மகள் தரையில் உட்கார்ந்து காகித மீன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷம் ஹாலுக்குப் பணம் தரட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம்மா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் ஒண்ணு இப்படி வெச்சிருக்கலாம் நீ" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. வருகிற ஜூனில் அவளுக்கு ஒன்று வைக்கிறேன். முப்பத்தொன்று முடிகிறது. வயதுக்கு வயது தீம் மாறும், அவ்வளவுதானே.

இனி அந்த 'எல்லாரும்' விஷயம். இரண்டு பேர் வாசலிலேயே கேட்டார்கள். "இன்னாங்க, ஹால்ல வெக்கலியா? டீச்சருக்கு பென்ஷன் வருதே!" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். எனக்கு உறைக்கவில்லை, என் வயது அப்படி. ஆனால் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியிடம் அதே கேள்வியைக் கேட்டால்? அவள் ராத்திரி புருஷனிடம் சொல்வாள். அவர் மறுநாள் தண்டல்காரரைப் பார்ப்பார். அந்த 60,000 ரூபாய்க் கடனுக்குக் கையெழுத்துப் போட்டது அவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் சிபாரிசு செய்தது நம் வாய்.

நானும் கேட்டிருக்கிறேன். 'எந்த மண்டபம்மா?' என்று எத்தனை பேரிடம் அக்கறையாக விசாரித்திருப்பேன்! அந்த மாணவியிடமும் பத்திரிகை வைத்தபோது அதைத்தான் முதலில் கேட்டேன். இனி கேட்க மாட்டேன். நீங்களும் கேட்காதீர்கள். வீட்டில் பிறந்தநாள் என்று கூப்பிட்டால் சந்தோஷமாகப் போங்கள். மொய்யை மண்டபத்துக்கு வைக்கிற அளவுக்கே வையுங்கள். அதையும் மஞ்சள் பூசிய கவரில், குழந்தை பெயரில் அஞ்சலகக் கணக்கில் போடச் சொல்லி வையுங்கள். முடிந்தால் ஒரு மணி நேரம் முன்னால் போய்ப் பெட்டிக்கு வண்ணம் அடித்துக் கொடுங்கள்.

"மண்டபம் வைக்க வசதி இருக்கிறவர்கள் வைக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாக வையுங்கள், உங்கள் காசு. கடன் வாங்கி வைக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. நம் பக்கத்தில் எத்தனை வீட்டு வருமானம் மாதம் முழுக்க நிச்சயம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் கான்ட்ராக்ட் வேலை இன்றிருக்கும், நாளை இருக்காது. அந்த மாதங்களிலும் குழந்தைகள் பிறக்கத்தான் செய்கின்றன, அவர்களுக்கும் பிறந்தநாள் வரத்தான் செய்கிறது.

பெட்டிகளையும் பலகைகளையும் மடித்து என் பீரோ மேல் வைத்திருக்கிறேன். 'கொருக்குப்பேட்டை'யைப் புதிதாக எழுதிவிட்டேன். யாருக்கு வேண்டுமோ வந்து எடுத்துப் போங்கள், வாடகை கிடையாது. திருப்பிக் கொடுக்கும்போது கிழிந்ததை ஒட்டிக் கொடுத்தால் போதும். நான் முதலில் சொன்ன மாணவிதான் முதல் ஆளாகப் பதிவு செய்திருக்கிறாள். இரண்டாவது பிள்ளைக்கு மே மாதம் ஒரு வயது. தடைக்காலம். அதனால் அப்பாவும் வீட்டில்தான் இருப்பார், எஞ்சினை இழுக்க ஆள் ரெடி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்